பல்லுப் பிடுங்க ஐந்து வருஷமா?

"பல்லுப் பிடுங்கிறதுக்கும் ஐந்து வருஷப் படிப்போ?"

பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளிகள் வெளியாகும் நாட்களில் வெள்ளவத்தையில் இக்கேள்வி காதில் விழாமற் போவதில்லை. காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில், மாடி வீடுகளின் முன்கூடங்களில், கோயில் வாசலில் செருப்பு மாட்டும் நேரத்தில் இது கேட்கப்படுகிறது. கேட்பவர் படித்தவர், பெரும்பாலும் ஓய்வுபெற்ற உத்தியோகத்தர். கேட்கப்படுவதோ, மருத்துவத்துக்கு வேண்டிய புள்ளிக்குச் சற்றே குறைந்து பல் வைத்தியத்துக்குத் தெரிவான ஒரு பிள்ளை. இலட்சக் கணக்கானோர் எழுதும் பரீட்சையில் முன்வரிசையில் வந்த அந்தப் பிள்ளை, ஏதோ குற்றம் செய்ததுபோலத் தலையைக் குனிந்துகொள்கிறது.

கேள்வியில் கேலி உண்டு. கேலிக்குள் ஒரு தத்துவமும் ஒளிந்திருக்கிறது. பல் வைத்தியம் என்பது தவறிப்போன மருத்துவம். அதற்காக ஐந்தாண்டு செலவழிப்பது இளமையை வீணாக்குவது. ஆகவே கையில் காசுள்ளவன் தன் பிள்ளைக்கு வேறு வாசல் தேடிக்கொள்வதே புத்தி. இதுதான் அந்தத் தத்துவம். கேட்பதற்குச் சாதாரணமான ஊர்ப்பேச்சு. ஆனால் இந்நாட்டின் இலவசக் கல்விக்கும் இலவச வைத்தியத்துக்கும் குழி தோண்டுகின்ற வாதங்கள் யாவும் இத்தகைய ஊர்ப்பேச்சிலிருந்தே பிறக்கின்றன. எனவே இதற்கு விடை சொல்லியே ஆகவேண்டும்.

விடை இதுதான்: படிப்பு நீளமானதன்று. நீளமானது அப்படிப்பின் வாசலில் நிற்கும் வரிசை. அவ்வரிசையினும் நீளமானது, வைத்தியனை எதிர்பார்த்துக் கன்னத்தைப் பொத்திக்கொண்டு நிற்கும் ஏழை மக்களின் வரிசை. முதலாவதைப் பற்றியே பேசி மற்ற இரண்டையும் மறைத்துவிடுவது யாருக்கு இலாபம் என்பதை நாம் ஆராய்தல் வேண்டும்.

*

முதலில் ஐந்தாண்டுக் கணக்கைப் பார்ப்போம்.

ஐரோப்பாவில் நெடுங்காலம் பல் பிடுங்கியவர்கள் சவரத் தொழிலாளரும் சந்தைக் கூத்தாடிகளுமே. வலியில் அலறும் சத்தம் கேளாதபடி பறை அடித்துக்கொண்டு தொழில் செய்தவர்களும் அவர்களுள் இருந்தனர். பல்லைப் பற்றிய படிப்புக்கெனத் தனிக் கல்லூரி உலகில் முதன்முதல் எழுந்தது 1840இல், அமெரிக்காவின் பால்டிமோர் நகரில். நமது நாட்டிலோ, இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் தோன்றியதன் மறு ஆண்டில், கொழும்பில், மருத்துவ பீடத்தின் ஓர் அங்கமாக விரல்விட்டு எண்ணத்தக்க மாணவரோடு பல் வைத்தியப் படிப்பு ஆரம்பமாயிற்று. 1950களில் அது பேராதனைக்குப் பெயர்ந்தது. பிற்காலத்தில் தனிப் பீடமாகவும் வளர்ந்தது.

அங்கே என்ன படிக்கிறார்கள்? உடற்கூற்றியல், உடற்றொழிலியல், உயிர் இரசாயனம், நோயியல், மருந்தியல் என மருத்துவ மாணவன் கற்கும் அடிப்படைகளைக் கற்கிறார்கள். பொது மருத்துவமும் சத்திர சிகிச்சையும் அறிகிறார்கள். அதன் பின்னரே முரசு நோய், பல் நிரப்பல், செயற்கைப் பல், கோணிய பல்லைச் சீராக்கல், தாடை முறிவு, வாய்ப் புற்று ஆகியவற்றுக்கு வருகிறார்கள். நோயாளியின் வாயில் கைவைக்கு முன்பு ஆய்கூடத்தில் செயற்கைப் பற்களில் மாதக்கணக்காகக் கை பழக்குகிறார்கள். இந்தியாவில் நான்காண்டுப் படிப்பும் ஓராண்டு வைத்தியசாலைப் பயிற்சியும், பிரித்தானியாவில் ஐந்தாண்டு, நமது நாட்டில் இன்று ஐந்தாண்டு. எங்கே பார்த்தாலும் கணக்கு ஏறத்தாழ ஒன்றே.

ஏன் இத்தனை படிப்பு? ஒரேயொரு காரணம் சொன்னாற் போதும். இலங்கை ஆண்களைப் பீடிக்கும் புற்றுநோய்களில் முதலிடம் வகிப்பது வாய்ப் புற்று. வெற்றிலையும் கொட்டைப் பாக்கும் புகையிலையும் அதன் முக்கிய ஏதுக்கள். புகையிலை சேராத வெற்றிலைக் கூட்டுங்கூடப் புற்றுக்கு ஏது என்று உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம் 2004இல் முடிவு கூறிவிட்டது. இந்நோய் ஒரு நாளில் வருவதன்று. கன்னத்தின் உட்புறத்தில் வெண்படையாக, சிவந்த தழும்பாக, வலியே இல்லாமல், ஆண்டுக்கணக்காகப் பதுங்கியிருந்து பின்னரே உயிர்குடிக்க எழுகிறது. அந்த வெண்படையைக் கண்டு ஐயுறும் கண் வேண்டும். 'பல்லுப் பிடுங்க' வந்த மூட்டை தூக்கும் தொழிலாளியின் வாயில் அவன் அறியாத மரணத்தின் முதல் அடையாளத்தைக் காணும் அந்தக் கண்ணைத்தான் ஐந்தாண்டுகள் உண்டாக்குகின்றன. பல்லைப் பிடுங்க ஐந்து நிமிடம் போதும் என்பது உண்மையே. எந்தப் பல்லைப் பிடுங்கலாகாது, எந்தப் புண்ணை விட்டுவைக்கலாகாது என்பதை அறியத்தான் அத்தனை காலம் செல்கிறது.

வெள்ளவத்தைப் பெரியவர் இதை அறியாதவரல்லர். தமது பேரனின் பல் கோணினால் நிபுணரைத் தேடி அவர் கொள்ளுப்பிட்டி வரை போவார். ஐந்தாண்டு மிகை என்று அவர் கருதுவது ஏழையின் வாய்க்கு மட்டுந்தான்.

*

இனி, வாசலின் வரிசைக்கு வருவோம்.

உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் என்ற மூன்று பாடங்கள். அதிகபட்சம் மூன்று முறை தோற்றலாம். 2001 முதல் இசட் புள்ளி முறையில் தரவரிசை இடப்படுகிறது. பல் வைத்தியத்துக்கு வேண்டிய புள்ளி, மருத்துவத்துக்கு வேண்டியதன் காலடியிலேயே நிற்கிறது. முதல் முறையில் தவறினால் இரண்டாம் முறை. அதிலும் தவறினால் மூன்றாம் முறை. பரீட்சை முடிந்து பெறுபேறு வர மாதங்கள். பெறுபேறு வந்து பீடத்தின் வாசல் திறக்க மேலும் மாதங்கள். தொற்றுக் காலத்தில் பரீட்சைகளே ஆண்டு தாண்டின: 2021ஆம் ஆண்டுக்குரியது 2022 பெப்ரவரியில் நடந்தது, 2022க்குரியது 2023இல், 2023க்குரியது 2024 சனவரியில். பத்தொன்பது வயதில் முதன்முறை எழுதி, இரண்டாம் முறையில் தெரிவாகும் பிள்ளை பீடத்தில் காலடி வைக்கும்போது இருபத்திரண்டை எட்டிவிடுகிறது. ஐந்தாண்டு சேர்த்தால் இருபத்தேழு. பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு அரசாங்க நியமனத்துக்குக் காத்திருந்த காலங்களும் உண்டு. இதில் படிப்புக்குச் சென்றது எவ்வளவு, காத்திருப்புக்குச் சென்றது எவ்வளவு என்று கூட்டிப் பாருங்கள்.

இந்தக் காத்திருப்பு எல்லாருக்கும் ஒரே விலையா?

வெள்ளவத்தையின் வசதியான வீட்டில் ஓராண்டு காத்திருப்பு என்பது ஓராண்டு ரியூட்டரிக் கட்டணம்; அவ்வளவே. கொட்டாஞ்சேனைக்கு வாருங்கள். ஜம்பட்டா வீதியின் உட்சந்துகளில் இரண்டு அறைகளுக்குள் ஏழுபேர் வாழும் வீடுகள் உள்ளன. தகப்பன் துறைமுகத்தில், அல்லது செட்டியார் தெருக் கடையொன்றில், அல்லது புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் இடத்தில் வேலை. அங்கே படிக்கும் மகள் மூன்று பாடங்களுக்கும் தனித்தனி வகுப்புப் போகவேண்டும். பள்ளிக்கூடத்தில் மட்டும் படித்து இப்பரீட்சையை வெல்லலாம் என்று இன்று எந்த ஆசிரியனும் நெஞ்சில் கைவைத்துச் சொல்லமாட்டான். முதல் முறையில் புள்ளி போதவில்லையெனில் அவளுக்கு இரண்டாம் முறை இல்லை. பட்டப்படிப்பு முழுவதும் இலவசம். ஆனால் அதன் வாசல்வரை நடந்து வருவதற்குக் காசு வேண்டும்! 1945இல் கன்னங்கரா இலவசக் கல்வியைக் கொணர்ந்தபோது கட்டணம் வாங்கும் கதவொன்றை மூடினார். அக்கட்டணம் இன்று ரியூட்டரியின் பின்கதவால் நுழைந்துவிட்டது. இதில் பெருங்குற்றவாளி தனியொரு ஆசிரியனல்லன்; விஞ்ஞான ஆசிரியரின்றி, ஆய்கூடமின்றிப் பள்ளிகளை வறளவிட்டு, அவ்வறட்சியில் வியாபாரம் முளைக்க இடங்கொடுத்த அரசுகளே குற்றவாளிகள்.

*

"எங்களுடைய பிள்ளைகளைக் கோட்டா முறைதான் கெடுத்தது" என்பார் பெரியவர். இவ்விடத்தில் வரலாற்றை நேர்மையோடு பேசவேண்டும்.

1971இல் தமிழ் மாணவருக்கு இழைக்கப்பட்டது அநீதியே. மருத்துவத்துக்கு 400 புள்ளிகளில் சிங்கள மொழிமூல மாணவனுக்கு 229 போதும், தமிழ் மொழிமூல மாணவனுக்கு 250 வேண்டும் என்று வைத்த அரசு, அறிவை மொழியால் நிறுத்துப் பார்த்தது. அந்தத் தராசு ஒரு தலைமுறையின் நெஞ்சில் இட்ட தழும்பு இன்னும் ஆறவில்லை. அவ்வரசில் இடதுசாரிக் கட்சிகளும் பங்காளிகளாய் இருந்தன என்பதை மறைப்பது நமக்கு அழகன்று. தோழமையின் பெயரால் நாம் விழுங்கிய மௌனங்களுக்கு இந்நாடு பெருவிலை கொடுத்தது.

ஆனால் இன்றுள்ள முறை அதுவன்று. இன்று இடங்களில் நூற்றுக்கு 40 நாடளாவிய திறமை அடிப்படையில். 55 மாவட்டங்களின் சனத்தொகை அடிப்படையில். எஞ்சிய 5 கல்வியிற் பின்தங்கியவை எனக் கணிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. அந்தப் பதினாறில் யாழ்ப்பாணமும் உண்டு. வன்னி மாவட்டங்களும் மட்டக்களப்பும் திருகோணமலையும் நுவரெலியாவும் உண்டு. இதைப் பழைய மொழிவாரித் தராசோடு ஒன்றாகக் கட்டிப் புலம்புவோர் யாருக்காகப் புலம்புகிறார்கள்? முல்லைத்தீவின் பிள்ளைக்காகவா, வெள்ளவத்தையின் பிள்ளைக்காகவா?

இம்முறையின் உண்மையான குறை வேறிடத்தில் இருக்கிறது. அது மாவட்டத்தைக் காண்கிறது, வர்க்கத்தைக் காண்பதில்லை. கறுவாத்தோட்டத்து மாளிகையும் கொட்டாஞ்சேனைச் சந்தும் அதன் கண்ணுக்கு ஒன்றே. இரண்டும் 'கொழும்பு மாவட்டம்'. தலைநகரின் பேர்பெற்ற கல்லூரிகளோடு மூட்டைத் தொழிலாளியின் மகள் ஒரே வரிசையில் நிறுத்தப்படுகிறாள். நுவரெலியா மாவட்டத்தின் பங்கில் நகரத்து வியாபாரியின் பிள்ளை நுழையலாம். விஞ்ஞானப் பிரிவே இல்லாத தோட்டப் பாடசாலையில் படித்தவன் நுழைய முடியாது. பங்கு அவன் பெயரால் ஒதுக்கப்படுகிறது, உண்பவன் வேறொருவன்.

இன்னொன்றையும் எண்ணுங்கள். 1943 தொடங்கி எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக, இரண்டு கோடியை எட்டிய மக்களுக்கு ஒரேயொரு பல் வைத்தியப் பள்ளியே இருந்தது. பந்தியில் இலைகளைக் குறைத்துப் போட்டுவிட்டு, 'உன்னுடைய இலையை அவன் பறித்தான்' என்று சிங்களவனுக்குத் தமிழனையும், தமிழனுக்குச் சிங்களவனையும், யாழ்ப்பாணத்தானுக்கு மலைநாட்டானையும் காட்டிக்கொடுப்பது ஆளும் வர்க்கத்தின் பழைய வித்தை. இலைகள் ஏன் குறைந்தன என்று கேட்டவர் எத்தனை பேர்?

*

மலைநாட்டைச் சொன்னோம். பல் வைத்தியத்துக்கும் மலைநாட்டுக்கும் உள்ள ஒரு தொடர்பை ஒவ்வொரு மாணவனும் அறிந்திருத்தல் வேண்டும்.

1970இல் நோர்வே நாட்டிற் பிறந்த ஹெரால்ட் லோ என்ற அறிஞரின் தலைமையில், இலங்கையின் இரண்டு தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளரின் வாய்கள் பரிசோதிக்கப்பட்டன. இந்தியாவிலிருந்து கொணரப்பட்ட தமிழ்த் தொழிலாளரின் வழிவந்தவர்கள் அவர்கள். பல் வைத்தியத்தையே கண்டறியாதவர்கள், பற்றூரிகை பழக்கமில்லாதவர்கள். சிகிச்சையே பெறாத மனிதனின் முரசு நோய் எப்படி வளர்கிறது என்பதை அறிய உலகம் அவர்களைத் தேடி வந்தது. ஒப்பிட்டுப் பார்க்க எடுத்துக்கொள்ளப்பட்டவர்கள், சிறுவயது முதலே ஒழுங்கான பல் வைத்தியம் பெற்ற ஒஸ்லோ நகர மாணவரும் கல்விமான்களும். பதினைந்தாண்டு தொடர்ந்த அந்த ஆய்வின் முடிவு 1986இல் வெளியாயிற்று. தோட்டத் தொழிலாளரில் நூற்றுக்கு 8 பேருக்கு நோய் விரைந்து பரவிற்று. 81 பேருக்கு மிதமாக. 11 பேருக்கு முன்னேறவேயில்லை. விரைந்து பரவியவர்கள் நாற்பத்தைந்து வயதில் பற்களையெல்லாம் இழந்திருந்தனர். நாற்பதாண்டு கழித்து, 2010இல், அந்த 480 பேரில் 75 பேரே மறுபரிசோதனைக்குக் கிடைத்தனர்.

உலகெங்கும் பல் வைத்தியம் கற்கும் மாணவன் இந்த எண்களைப் படிக்கிறான். பால்டிமோரிலும் இலண்டனிலும் சென்னையிலும் பேராதனையிலும் பாடநூல்களின் ஏடுகளில் அந்தத் தோட்டத் தொழிலாளரின் முரசுகள் அழியாது நிற்கின்றன. விஞ்ஞானத்துக்கு அவர்கள் அளித்த கொடை பெரிது. ஆய்வாளரைப் பழிப்பது நமது நோக்கமன்று. மனித குலம் அவ்வாய்வால் பயன்பெற்றது. நாம் கேட்பது வேறு. 'சிகிச்சையே பெறாத மனிதர்' என்ற அந்த அரிய பொருள் 1970இல் இலங்கைத் தோட்டத்தில் எப்படிக் கிடைத்தது? பயிர் செழித்து, ஏலத்தில் விலைபோய், அந்நியச் செலாவணி ஈட்டித் தந்த அதே மலைச்சரிவில், ஒரு முழுச் சமூகத்தின் வாய்க்குள் எந்த வைத்தியனும் எட்டிப் பார்க்கவில்லை. 1948இல் குடியுரிமையைப் பறித்தவர்கள் அவர்களுக்கு வாக்கை மட்டும் மறுக்கவில்லை. பள்ளியை மறுத்தார்கள், மருந்தை மறுத்தார்கள். 1970களில்தான் தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கிற்று.

பாடநூலில் இடம்பெற்றவனின் பேரப்பிள்ளை அந்தப் பாடநூலைத் திறந்து படிக்கும் நாள் எப்போது? அந்த மலைகளிலிருந்து பேராதனை தொலைவில் இல்லை. இருந்தும் தோட்டப் பாடசாலைக்கும் அந்தப் பீடத்துக்கும் இடையிலுள்ள தூரம், வெள்ளவத்தைக்கும் இலண்டனுக்கும் உள்ள தூரத்தினும் பெரிது. தமிழனுக்கு அநீதி என்று பேசும் நாவு இந்த அநீதியைப் பேசும்போது ஏன் தடுமாறுகிறது?

*

கடைசியாகக் காசு வாசல்.

"அரசாங்கத்தில் இடமில்லாவிட்டால் தனியார் கல்லூரி திறக்கட்டுமே, யாருக்கு நட்டம்?" என்கிறார்கள். இதை நாடு இருமுறை சோதித்துப் பார்த்துவிட்டது. 1981இல் ராகமையில் தொடங்கிய வட கொழும்பு மருத்துவக் கல்லூரி, மாணவர் போராட்டங்களின் பின் 1989இல் அரசின் கைக்கு வந்து, பின்னர் களனிப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடமாயிற்று. மாலபேயில் எழுந்த தனியார் மருத்துவக் கல்லூரியும் நெடிய எதிர்ப்பின் பின் 2018இல் மூடப்பட்டு, அதன் மாணவர் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றப்பட்டனர். கட்டணம் கொடுத்துக் கற்றவன் கொடுத்ததை நோயாளியிடம் திரும்பப் பெறவே முயல்வான். அவனைக் குறைகூறிப் பயனில்லை. அது முதலின் இயல்பு. அவன் கொட்டாஞ்சேனையிலும் கடை விரிக்கமாட்டான், தோட்டத்துக்கும் ஏறமாட்டான்.

வெளிநாட்டு வாசலும் இப்படியே. 1960இல் மொஸ்கோவில் மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டபோது ஆசிய, ஆபிரிக்க நாடுகளின் ஏழைப் பிள்ளைகள் கட்டணமின்றிப் படிக்கப் போனார்கள். இன்று முகவர்களின் விளம்பரப் பலகைகள் காலி வீதியெங்கும் தொங்குகின்றன; போகிறவன் காணியை விற்றுப் போகிறான். திரும்பி வந்து இலங்கை மருத்துவப் பேரவையின் பரீட்சையைக் கடந்தாலன்றி அவனுக்குத் தொழிலும் இல்லை.

*

அப்படியானால் வேண்டுவது யாது?

அரசின் பல் வைத்திய இடங்கள் பெருகவேண்டும். இரண்டாவது பீடத்துக்காக ஸ்ரீ ஜயவர்தனபுரவில் எடுத்த முயற்சி வடக்கு, கிழக்கு, மலைநாடு ஆகியவற்றுக்கும் விரியவேண்டும். தெரிவு முறையில் மாவட்டத்தோடு பாடசாலையின் நிலையும் பெற்றாரின் வருவாயும் கணக்கில் வரவேண்டும். பட்டம் பெற்றவருக்கு உடன் நியமனம் வழங்கி, தோட்டப் பகுதிகளுக்கும் நகரச் சேரிகளுக்கும் அனுப்பவேண்டும். 2022இன் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் வைத்தியர் பலர் நாட்டைவிட்டுப் போயினர். போனவரை வைவதினும், இருப்பவர் இருக்கத்தக்க வாழ்வை அளிப்பதே அரசின் கடன்.

ஐந்தாண்டுப் படிப்பால் மட்டும் எல்லாம் ஆகிவிடும் என்றும் நாம் கூறவில்லை. 1921இல் நியூசிலாந்து, இரண்டாண்டுப் பயிற்சி பெற்ற பெண்களைக் கொண்டு பள்ளிச் சிறுவரின் பற்களைக் காக்கும் சேவையைத் தொடங்கிற்று. அதே வழியில், கொழும்புத் திட்ட உதவியோடு மகரகமையில் நமக்கும் ஒரு பயிற்சிப் பள்ளி அமைந்தது. சாதாரணச் சுகாதார ஊழியரும் பயிற்சி பெற்றால் வாய்ப் புற்றின் முன்குறிகளைக் கண்டறிய இயலும் என்பதை 1980களில் நமது மத்திய மலைநாட்டில் நடந்த ஆய்வொன்றே நிறுவிற்று. வழி தெரியாமல் நாம் நிற்கவில்லை. தெரிந்த வழியில் நடக்க அரசுகளுக்கு மனமில்லை.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு சொல். விஞ்ஞானப் பிரிவு இல்லாத ஒவ்வொரு தமிழ்ப் பாடசாலையின் பெயரையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் சங்கத்தின் ஒவ்வொரு கூட்டத்திலும் அதை வாசியுங்கள். மாணவ நண்பர்களே, உங்களுள் பல் வைத்தியத்துக்குத் தெரிவானவர் இருப்பின் தலை குனியாதீர். "பல்லுப் பிடுங்கவோ?" என்று கேட்பவருக்கு, அந்த 480 பேரின் கதையைச் சொல்லுங்கள். பின்பு, படித்து முடித்த நாளில், அந்த மலைக்கு ஒருமுறை ஏறிப் போங்கள். அவர்களின் பிள்ளைகள் இன்னும் அங்கேதான் கொழுந்து பறிக்கிறார்கள்.